ஒரே டயர், மூன்று தரை: புது வண்டியோடு வரும் ஆல் டெரைன் டயர் பற்றிய நிகழ்வு ஆய்வு

மழை விட்ட மறுநாள் களிமண் தடத்தில் ஐம்பது அடி போவதற்குள் ஒரு பிக்கப் புதைந்து நிற்கிறது. சில வாரம் கழித்து, நான்கு விரல்கடை புதுப்பனி மூடிய ஏற்றத்தில் அதே வண்டி அலுங்காமல் ஏறிவிடுகிறது. டயர் பனிக்குப் பரவாயில்லை என்று ஓட்டுபவர் முடிவுகட்டுகிறார். இரண்டு நாளில் அந்தப் பனி வண்டிகளின் மிதியில் இறுகி, பகலில் இளகி, இரவில் உறைந்து கண்ணாடியாகிறது. இப்போது அதே சரிவில் இறங்கும்போது பிரேக்கை எவ்வளவு மிதித்தும் வண்டி நிற்கவில்லை. முன்சக்கரம் ஓரக்கால்வாயில் இறங்கிய பிறகே நிற்கிறது.

டயரை மாற்றவில்லை, ஓட்டுபவரும் மாறவில்லை. தொழிற்சாலையிலேயே ஆல் டெரைன் டயர் (தார், மண், பனி எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செய்தது) மாட்டி வரும் வண்டிகளில் இந்த மூன்று நிலையும் திரும்பத் திரும்ப வருபவை. அவற்றை ஒரு மாதிரி வண்டியில் ஏற்றி, காரணத்தைத் தேடுகிறது இந்த ஆய்வு. கீழே வரும் தூரம், சரிவு, விசை எல்லாம் கணக்குப் போட்டு எடுத்தவை. களத்தில் டேப் பிடித்து அளந்தவை அல்ல.

வண்டியும் டயரும்

இரட்டை கேபின் பிக்கப், காலியாக 2,300 கிலோ. அதில் 58 சதவீதம் முன் அச்சிலும் 42 சதவீதம் பின் அச்சிலும் இருக்கிறது. சாதாரணமாகப் பின்சக்கரத்துக்கு மட்டும் இன்ஜின் விசை போகும், இது 2 எச். வேண்டும்போது நான்கு சக்கரத்துக்கும் விசை தரும் 4 எச், அல்லது அதையே மெதுவாக, அதிக இழுவையோடு தரும் 4 எல் போட்டுக்கொள்ளலாம். இரு அச்சிலும் லாக் இல்லாத டிஃபரென்ஷியல், அதாவது இடது வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்ப்பெட்டி. டயர் 275/65 ஆர் 18, குறியீடு 116 டி. 116 என்றால் ஒரு டயர் 1,250 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை. அளவோடு எல்டி என்ற எழுத்து இல்லை, ஆகவே உள்ளே இருப்பது லாரி வகைக் கனமான உடல் அல்ல, கார் வகை உடல். கதவோர ஸ்டிக்கர் சொல்லும் காற்று 35 பிஎஸ்ஐ. பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டை) உயரம் புதிதில் சுமார் 9 மி.மீ., இப்போது 6 மி.மீ.

இந்த 9 மி.மீ.யில் கொஞ்சம் நிற்க வேண்டும். கடையில் தனியாக வாங்கும் ஆல் டெரைன் டயரில் பள்ளத்தின் ஆழம் பெரும்பாலும் 12, 13 மி.மீ. இருக்கும், சேற்றுக்கென்றே செய்த மட் டெரைன் டயரில் 14 முதல் 16 வரை போகும். வண்டியோடு வருவது ஏன் இப்படிக் குட்டையாக இருக்கிறது? டயரை எழுதிக் கேட்பவர் வண்டி செய்பவர். அவருக்கு மைலேஜ் கணக்குச் சான்று வேண்டும், கேபினுக்குள் சத்தம் ஏறக்கூடாது, தார் ரோட்டில் ஸ்டீயரிங் மிதக்கக்கூடாது. பட்டன் உயரமானால் அது உருளும்போது நெளியும். நெளிந்தால் சூடு, சூடானால் எரிபொருள் வீண். ஆக, குட்டைப் பட்டன் ஏமாற்று வேலை இல்லை. வண்டியின் ஓட்டத்தில் பெரும்பங்கு தார் ரோட்டில்தான் என்று கணக்கிட்டுச் செய்தது. ஏமாற்றம் வேறு இடத்தில் வருகிறது: வெளியே அதே பெயர், அதே பட்டன் வடிவம் போட்டு விற்கும் டயரும் வண்டியோடு வந்ததும் உள்ளே ஒன்றாகவே இருக்கும் என்பதில்லை. ஆழம், ரப்பர் கலவை, உடலின் அடுக்கு மூன்றும் வேறுபடலாம். பெயரை வைத்து இணையத்தில் படித்த பாராட்டு உங்கள் டயருக்குப் பொருந்துமா என்பதை ஆழ அளவியை வைத்துப் பார்த்தபின்தான் சொல்ல முடியும்.

பக்கச்சுவரில் எம் பிளஸ் எஸ் என்று பொறித்திருக்கிறது. மட் அண்ட் ஸ்னோ, அதாவது சேறும் பனியும். இதை நம்பித்தான் பலரும் சேற்றில் இறங்குகிறார்கள். வட அமெரிக்க டயர் தொழில் வகுத்த வரையறைப்படி இந்த எழுத்துக்கு வேண்டியது வெறும் வடிவக் கணக்கு: தரையில் படும் பரப்பில் குறைந்தது 25 சதவீதம் பள்ளமாக இருக்க வேண்டும், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி 12.7 மி.மீ.யாவது உள்ளே ஓடும் வெட்டுகள் வேண்டும். அவற்றின் அகலம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது, ஓடும் திசைக்கு 35 முதல் 90 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். ஒரு சக்கரத்தைக்கூட சேற்றிலோ பனியிலோ உருட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஸ்கேல் வைத்து அளந்தால் போதும், எழுத்து கிடைத்துவிடும்.

முதல் நிகழ்வு: களிமண்

புதைவதற்கு முந்தைய சில வினாடிகளைக் கிட்டப்போய்ப் பார்த்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். டயர் முதல் சுற்றில் களிமண்ணை நன்றாகவே கடிக்கிறது. பட்டன் மண்ணுக்குள் இறங்கி, இரண்டு பட்டனுக்கு நடுவே ஒரு மண்கட்டியைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கட்டியைத் தரையிலிருந்து அறுப்பதற்கு வேண்டிய விசையே வண்டியை முன்னே தள்ளும் விசை. பிரச்சினை அடுத்த சுற்றில். சக்கரம் மேலே போய் மறுபடி கீழே வருவதற்குள் அந்தக் கட்டி பள்ளத்தைவிட்டு விழுந்திருக்க வேண்டும். களிமண் விழாது. ஈரக் களிமண் ரப்பரில் அப்பிக்கொள்ளும், அதிலும் 6 மி.மீ. ஆழமும் குறுகலுமான பள்ளம் என்றால் மூன்றே சுற்றில் நிரம்பிவிடும். அதன்பின் தரையைத் தொடுவது ரப்பர் அல்ல, களிமண் பூசிய வழவழப்பான உருளை. களிமண்ணின்மேல் களிமண் வழுக்குகிறது. சக்கரத்தை நின்றபின் பார்த்தால் பட்டன் எங்கே, பள்ளம் எங்கே என்றே தெரியாது.

இதிலிருந்து தப்ப ஓட்டுநர் செய்வது ஆக்சிலேட்டரை அழுத்துவது. அதற்கும் ஓர் அறிவியல் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. இந்த டயரின் ஆரம் சுமார் 0.41 மீட்டர். சக்கரத்தின் வெளிவிளிம்பு மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சுற்றினால் பள்ளத்து மண்ணை வெளியே எறியும் விசை அதன் எடையைப்போல் சுமார் 2 மடங்கு. 30 கி.மீ. ஆக்கினால் 17 மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகிறது. மட் டெரைன் டயரின் அகன்ற பள்ளத்தில் இருக்கும் மண் இந்த விசைக்குத் தெறித்து ஓடிவிடும். குறுகிய பள்ளத்தில் இருப்பதோ இரண்டு பக்கச் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருப்பதால் பாதிகூட வெளியேறாது. சக்கரத்தைச் சுற்றவிட்டுச் சுத்தம் செய்யும் வித்தை இந்த டயரில் அரைகுறையாகத்தான் பலிக்கும்.

ஆபத்து டிஃபரென்ஷியலில் ஒளிந்திருக்கிறது. ஓர் அச்சில் ஒரு சக்கரம் நின்று மற்றது சுற்றும்போது, ஸ்பீடோமீட்டர் காட்டுவது இரண்டின் சராசரியை. முள் 30 காட்டினால் சுற்றும் சக்கரம் 60-இல் சுற்றுகிறது. 55 காட்டினால் 110. பாரம் தாங்காமல் அந்தரத்தில் சுற்றும் டயர் இந்த வேகத்தில் சூடாகி, பக்கச்சுவர் கிழிந்து வெடிக்கும். அருகில் நின்று தள்ளுபவரின் நிலையை நினைத்துப்பாருங்கள். சிக்கிய வண்டியை எடுக்கும்போது முள் 55-ஐத் தாண்டவே கூடாது என்று டயர் செய்பவர்கள் எச்சரிப்பது இதனால்தான். 30-க்கு மேல் போய் மண் உதிரவில்லை என்றால் 50-இலும் உதிராது என்பதே எங்கள் கருத்து. அதற்குள் சக்கரம் குழி பறித்து டிஃபரென்ஷியல் உருண்டையைத் தரையில் உட்காரவைத்திருக்கும்.

தடத்தில் ஏற்கெனவே ஆழமான சக்கரக்குழி இருந்தால் இன்னொரு குறை வெளிப்படும். மட் டெரைன் டயரில் பட்டன் தோளை, அதாவது தரைப்பரப்பு பக்கச்சுவராக மடியும் ஓரத்தை, தாண்டிப் பக்கச்சுவர்வரை இறங்கியிருக்கும்; குழியின் சுவரையும் கடித்து ஏறும். தொழிற்சாலை டயரின் தோள் சத்தம் குறைய வேண்டி மூடலாகவும் உருண்டையாகவும் செய்யப்பட்டது. குழிக்குள் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தாலும் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் நேரே போகும். ஓட்டுபவருக்கு அது தெரியாது, சக்கரம் ஒடித்தபடியே இருக்கும். குழி முடியும் இடத்தில் திடீரெனப் பிடிப்பு கிடைத்து வண்டி பக்கவாட்டில் பாயும். சேற்றில் போகும்போது கண்ணாடியை இறக்கி, தலையை நீட்டி முன்சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அவ்வப்போது பார்ப்பவர்கள் அனுபவசாலிகள்.

எல்லாச் சேறும் இப்படி இல்லை. மணல் கலந்த சேறு பள்ளத்தில் ஒட்டாது, தானே உதிரும். அதில் இந்த டயர் ஒழுங்காக ஓடும். அடியில் கெட்டித்தரை, மேலே இரண்டு விரல் கொழகொழப்பு என்றாலும் பெரிய கவலை இல்லை, டயர் கொழகொழப்பைப் பிதுக்கி அடித்தரையைத் தொட்டுவிடும். தொல்லை தருவது அடியே தெரியாத களிமண். இறங்குவதற்கு முன் ஒரு குச்சியைக் குத்திப்பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும். கையில் ஒரு பிடி எடுத்துத் திரித்தால் கயிறுபோல் நீளுகிறதா, உதிர்கிறதா என்பதும் அதே கேள்விக்கான விடைதான்.

சிக்கிய வண்டியை வெளியே எடுக்கும் வரிசையில்தான் அதிகம் தவறுகிறார்கள். முதலில் சுற்றுவதை நிறுத்த வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். டிஃபரென்ஷியலுக்கும் அச்சுக்கும் அடியில் இருக்கும் மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். அது தரையில் உட்கார்ந்திருக்கும்வரை எந்தப் பலகையும் பயன்படாது. நான்கு சக்கரத்துக்கு முன்னும் ஒரு முழ நீளத்துக்குச் சாய்வாக மண்ணை வழிக்கவும். பட்டனுக்கு நடுவே இருப்பதை ஒரு குச்சியால் குத்தி எடுக்கவும். அலுப்பான வேலை, ஆனாலும் முதல் சுற்றின் கடி திரும்பக் கிடைப்பது இதனால்தான். காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கவும். 4 எல், இரண்டாம் கியர், ஸ்டீயரிங் நேராக, சக்கரம் சுற்றத் தொடங்கினால் காலை எடுத்துவிடவும். வந்த வழியே பின்னால் எடுப்பது எப்போதும் எளிது, ஏனெனில் அந்தத் தடம் ஏற்கெனவே அழுந்தியிருக்கிறது. இன்னொரு வண்டி இழுக்க வந்தால் பட்டையை டிரெய்லர் பந்தில் மாட்டவே கூடாது. அந்தப் பந்து ஒடிந்து பறந்தால் கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொல்லும். வண்டிச் சட்டத்தில் இழுப்பதற்கென்றே வைத்த கொக்கி அல்லது வளையம் மட்டும்தான்.

இரண்டாம் நிகழ்வு: புதுப்பனி

சேற்றில் பள்ளம் காலியாக வேண்டும். பனியில் பள்ளம் நிரம்பி நிற்க வேண்டும். இந்த ஆய்வில் நாங்கள் சொல்ல வந்ததே இந்த முரண்தான். பனி அழுத்தத்தில் தன்னோடு தானே ஒட்டும். கையில் எடுத்து உருண்டை பிடிக்கும் குழந்தைக்கும் அது தெரியும். டயர் பனிமேல் உருளும்போது பள்ளத்துக்குள் பனி அமுங்கி இறுகுகிறது. அந்த இறுகிய பனி தரைப்பனியோடு கோத்துக்கொள்கிறது. பனியில் பனி பிடிக்கும் பிடிப்பு, ரப்பர் பனியில் பிடிக்கும் பிடிப்பைவிட நல்லது. களிமண்ணில் மூன்று சுற்றில் தோற்றுப்போன அதே குறுகிய பள்ளம் இங்கே வேலைக்கு உதவுகிறது.

பட்டனின் மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோல் மெல்லிய கோடுகள் இருக்கும், அரை மில்லிமீட்டர் அளவு அகலம். சுமை ஏறும்போது பட்டன் சற்று நெளிந்து இந்தக் கீறல்கள் திறக்க, ஒரு பட்டனுக்கு நான்கு விளிம்பு என்பது பத்துப் பன்னிரண்டு விளிம்பு ஆகிறது. ஒவ்வொன்றும் பனியைச் சுரண்டிப் பிடிக்கும். தொழிற்சாலை ஆல் டெரைன் டயர்களில் இந்தக் கீறல் தாராளமாகவே உண்டு. மட் டெரைன் டயரின் கொழுத்த பட்டனில் பெரும்பாலும் இருக்காது, அல்லது பெயருக்கு ஒன்றிரண்டு இருக்கும். பெரிய பட்டன் என்றால் பனிக்கும் நல்லது என்ற நினைப்பு இதனால்தான் தவறு. மிதிபட்ட பனியில் மட் டெரைன் டயர் இதைவிட மோசமாக வழுக்கும்.

ஆனால் கீறல் பட்டனின் அடிவரை போவதில்லை. பல டயர்களில் பாதி ஆழத்துக்குப் பிறகு கீறல் ஆழம் குறையும் அல்லது மறைந்தே போகும். நம் வண்டியின் டயர் 6 மி.மீ.யில் இருக்கிறது. சட்டப்படி இன்னும் நிறைய ஓடலாம், பல நாடுகளில் எல்லை 1.6 மி.மீ. பனியைப் பொறுத்தவரை 5 மி.மீ. தொட்டதும் இந்த டயரின் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்வதே நல்லது. கீறல் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் முன் பார்த்துவிட வேண்டும்.

ஏற்றத்தின் கணக்குக்கு வருவோம். சரிவு 10 சதவீதம், அதாவது நூறு அடிக்குப் பத்து அடி ஏற்றம். இறுகிய பனியில் பிடிப்பு எண் சுமார் 0.25 என்று கொள்வோம், அதாவது சக்கரத்தின்மேல் இருக்கும் எடையில் கால் பங்கு விசைவரை வழுக்காது. 2 எச்-இல் தள்ளுவது பின்னச்சு மட்டுமே, அதன்மேல் 42 சதவீத எடை. 0.25-ஐயும் 0.42-ஐயும் பெருக்கினால் 0.105. ஏற்றத்தில் எடை கொஞ்சம் பின்னே சாய்வதையும் சேர்த்தால் 11 சதவீதச் சரிவுவரை தாங்கும். விளிம்பிலேயே நிற்கிறது, நடுவில் நிறுத்தி மறுபடி எடுத்தால் சக்கரம் சுற்றும். 4 எச் போட்டதும் முழு எடையும் வேலைக்கு வர, 25 சதவீதம்வரை இடம் கிடைக்கிறது. ஓட்டுநர் அலுங்காமல் ஏறியதற்கு டயரைவிட இந்த லிவருக்குத்தான் அதிகப் பங்கு. அதை டயரின் பெருமையில் எழுதிவைத்ததுதான் மூன்றாம் நிகழ்வுக்கு வித்திட்டது.

பின்பெட்டியில் மணல் மூட்டை போடும் வழக்கத்தையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். சரியாகப் பின்னச்சுக்கு மேலே 150 கிலோ வைத்தால் பின்னச்சின் பங்கு 42-இலிருந்து சுமார் 45.5 சதவீதம் ஆகும். ஏறும் திறன் ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும். கொஞ்சம் உதவி, அவ்வளவுதான். மூட்டையைக் கடைசிக் கதவோரம் வைத்தால் முன்னச்சு தூக்கிக்கொண்டு ஸ்டீயரிங் பிடிப்பு குறையும். கட்டாமல் வைத்தால் மோதலில் முன்னே பாயும்.

பனி இளகிச் சகதியானால் கதை மறுபடி சேற்றின் பக்கம் திரும்பும். நீரும் பனியும் கலந்த கூழ் இறுகாது, கோத்துக்கொள்ளாது. பள்ளம் வழியே வெளியேற வேண்டும். 6 மி.மீ. பள்ளம் கொள்ளும் அளவைவிட வேகமாகக் கூழ் வந்தால் டயர் அதன்மேல் மிதக்கும். மணிக்கு 80 கி.மீ.யில் தடம் மாறும்போது, இரண்டு சக்கரத்தடத்துக்கு நடுவே குவிந்திருக்கும் கூழில் ஒரு பக்கச் சக்கரம் ஏறினால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். தடம் மாறுவதற்கு முன் வேகத்தைப் பாதியாக்குவதைத் தவிர வேறு மருந்தில்லை.

மூன்றாம் நிகழ்வு: இறங்கும்போது

ஃபோர் வீல் டிரைவ் கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் உதவும். நிற்பதற்கு உதவாது, எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் ஏற்கெனவே இருக்கிறது. மணிக்கு 30 கி.மீ.யில் அதே 10 சதவீதச் சரிவில் இறங்குவதாகக் கொள்வோம். காய்ந்த தாரில் பிரேக் அடித்தால் சுமார் 5 மீட்டரில் நிற்கும். பிடிப்பு 0.25 உள்ள இறுகிய பனியில் சுமார் 24 மீட்டர். பளபளவென இறுகி 0.15-க்கு இறங்கினால் சுமார் 71 மீட்டர். இளகி உறைந்த பனிக்கட்டியில் பிடிப்பு 0.1 ஆனால் சரிவு இழுக்கும் விசையும் பிரேக் பிடிக்கும் விசையும் சமம். அங்கே பிரேக் தூரம் என்ற ஒன்றே கிடையாது. வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஓரக்கால்வாய் இல்லாவிட்டால் அடிவாரம்வரை போயிருக்கும்.

பனிக்கட்டி உருகும் புள்ளியை ஒட்டி நிற்கும்போதுதான் மிக மோசம். மைனஸ் 15-இல் காய்ந்து கிடக்கும் பனிக்கட்டி ஓரளவு பிடிக்கும். பூஜ்யத்தை ஒட்டிய வெப்பத்தில் மேலே மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால் வழுக்கல் உச்சத்துக்குப் போகும். சூரியன் பட்டுப் பனிக்கட்டி உருகிப்போன வளைவில் பிடித்த டயர், மர நிழலில் அது இன்னும் மீந்திருக்கும் அடுத்த வளைவில் கைவிடுவதும் உண்டு.

இங்கே பட்டன் வடிவத்தைவிட ரப்பர் கலவைதான் முக்கியம். ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண ரப்பர் இறுகத் தொடங்கும். தொழிற்சாலை ஆல் டெரைன் டயரின் கலவை வெயிலில் தேயாமல், கூர்க்கல்லில் கிழியாமல் இருப்பதற்காக ஆக்கியது. குளிரில் மரம்போல் ஆகிவிடும். குளிர்கால டயரின் ரப்பர் மைனஸ் 20-இலும் நகத்தால் அழுத்தினால் அமுங்கும். ஈரப் பனிக்கட்டிமேல் நீர்ப்படலத்தை உறிஞ்சி ஒட்டுவதற்கு அந்த மென்மை வேண்டும்.

பக்கச்சுவரில் மூன்று மலைமுகடும் நடுவே பனித்துகளும் உள்ள சின்னம் இருந்தால் அந்த டயர் உண்மையிலேயே பனியில் சோதிக்கப்பட்டது. 1999-இல் அமெரிக்க, கனடிய டயர் சங்கங்கள் கொண்டுவந்த முறை இது. ஏஎஸ்டிஎம் எஃப் 1805 என்ற சோதனையில், ஓரளவு இறுகிய பனியில், ஒரு நிலையான ஒப்பீட்டு டயரைவிட 10 சதவீதம் அதிக இழுவை காட்ட வேண்டும் என்பது ஆரம்ப அளவு. சோதிப்பது நேர்கோட்டில் கிளம்பும் இழுவையை மட்டுமே. பிரேக், வளைவு, பனிக்கட்டி எதுவும் அதில் இல்லை. எனவே சின்னம் உள்ள ஆல் டெரைன் டயர் இந்த ஏற்றத்தில் இன்னும் எளிதாக ஏறியிருக்கும். உறைந்த இறக்கத்தில் நின்றிருக்கும் என்று சொல்வதற்கில்லை. சட்டங்களும் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தொடங்கிவிட்டன. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் வெறும் எம் பிளஸ் எஸ் எழுத்து குளிர்கால டயராகக் கணக்கில் வராது, மலைச்சின்னம் வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் எம் பிளஸ் எஸ் இன்னும் செல்லும், ஆனால் பள்ளம் குறைந்தது 3.5 மி.மீ. இருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட இறக்கத்தில் தொழிற்சாலை டயரோடு போயே ஆக வேண்டும் என்றால் சங்கிலி ஒன்றுதான் வழி. அதிலும் ஒரு கவனம்: பின்சக்கரத்தில் மட்டும் சங்கிலி போட்டு இறங்கினால் முன்சக்கரம் வழுக்கி வண்டி வளையாமல் நேரே போகும். முன்னே மட்டும் போட்டால் பிரேக் அடிக்கும்போது பின்பக்கம் சுழன்று முன்னே வரும். நான்குக்கும் போடுவதே சரி. ஒரு ஜோடிதான் இருக்கிறது என்றால் எந்த அச்சில் என்பதை வண்டிக் கையேடு சொல்லும்; உள்பக்கம் பிரேக் குழாய்க்கும் சங்கிலிக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதும் அதில் இருக்கும். போட்டபின் சிறிது தூரம் உருட்டி, இறங்கி, மறுபடி இறுக்க வேண்டும். சங்கிலி தளர்ந்து சக்கரவளைவைக் கிழிப்பது இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்களுக்கே நடக்கும். வேகம் மணிக்கு 50-ஐத் தாண்டக்கூடாது.

காற்று

மூன்று நிகழ்விலும் ஒளிந்திருந்த காரணி இது. 20 டிகிரி உள்ள கூடத்தில் 35 பிஎஸ்ஐ அடித்த டயர், வெளியே மைனஸ் 15-இல் இரவு நின்றால் சுமார் 29 பிஎஸ்ஐக்கு இறங்கியிருக்கும். ஓட்டையும் இல்லை, கசிவும் இல்லை, குளிர்தான். அழுத்த எச்சரிக்கை விளக்கு பொதுவாக ஸ்டிக்கர் அளவைவிட 25 சதவீதம் குறைந்தால்தான் எரியும், அதாவது 26-இல். 29-இல் அது மௌனமாகவே இருக்கும். குறைவான காற்று பனிக்கு நல்லதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். வேகமாகப் போகும் ரோட்டில், கூழிலும் பனிக்கட்டியிலும் அது நல்லதல்ல: டயரின் நடுப்பகுதி தூக்கிக்கொண்டு கூழை வெளியே தள்ளாது, ஸ்டீயரிங் மந்தமாகும். அங்கே ஸ்டிக்கர் சொன்ன 35, அதுவும் குளிரில் நின்ற டயரில் அளந்தது, இருக்க வேண்டும்.

காற்றை இறக்குவது மெதுவாகப் போகும் இடத்துக்கு மட்டும். ஒரு முன்சக்கரத்தின்மேல் சுமார் 667 கிலோ. 35 பிஎஸ்ஐயில் தரையைத் தொடும் பரப்பு காகிதக் கணக்கில் 271 சதுர செ.மீ.; 20 பிஎஸ்ஐயில் 474. பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைச் சுமப்பதால் உண்மையில் அவ்வளவு கூடாது. ஆனாலும் தடம் கணிசமாக நீளும். அகலத்தில் பெரிய மாற்றம் இருக்காது, முன்னும் பின்னும்தான் நீளும். களிமண்ணிலும் ஆழப் புதுப்பனியிலும் டயர் புதையாமல் மேலே நிற்பது இதனால். 18-இல் வேகம் மணிக்கு 25, 30-க்கு மேல் போகாமல், ஸ்டீயரிங்கைச் சடாரென ஒடிக்காமல் ஓட்ட வேண்டும். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுகொள்ளலாம். திரும்ப அடிக்கக் கம்ப்ரெஸர் கையில் இல்லையென்றால் இறக்கவே வேண்டாம்.

வீடு திரும்பியபின்

களிமண் தடத்திலிருந்து வெளியே வந்து தார் ரோட்டில் 80, 90 போனதும் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கும். டயர் கெட்டுவிட்டது, அலைன்மென்ட் போய்விட்டது என்று கடைக்கு ஓடுபவர்கள் உண்டு. ரிம்மின் உள்பக்கம் கைவிட்டுப் பாருங்கள். 200 கிராம் களிமண் ஒரு பக்கம் அப்பியிருந்தால், மணிக்கு 90-இல் அது ஏறத்தாழ 15 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தைச் சுற்றுக்கு ஒருமுறை இழுக்கும். பேலன்சிங் செய்பவர் ஒட்டும் ஈயத்துண்டு சில பத்து கிராம்தான் என்பதை நினைத்தால் நடுக்கத்தின் காரணம் விளங்கும். பனியிலும் இதே கதை, அதோடு இரவில் உறைந்துபோவதால் காலையில் தண்ணீர் அடித்தாலும் போகாது. நிறுத்துவதற்கு முன்பே ரிம்மின் உள்பக்கத்தையும் சக்கரவளைவையும் தட்டிவிட வேண்டும்.

இந்த வண்டிக்கு அடுத்து என்ன டயர் என்ற கேள்வியில் எங்கள் தீர்ப்பு வேலையைப் பொறுத்தது. ஆண்டில் சில நாள் மட்டும் புதுப்பனி, மற்றபடி தார் என்றால் இதே டயர் 5 மி.மீ. வரை ஓடட்டும். களிமண் தடம் வாராந்திர வேலை என்றால் 12 மி.மீ.க்கு மேல் ஆழமும் திறந்த தோளும் உள்ளது வேண்டும். உறைந்த இறக்கம் தினசரி வழியில் இருக்கிறது என்றால் எந்த ஆல் டெரைனும் தீர்வல்ல, தனியாகக் குளிர்கால டயர் ஒரு செட் வைத்துக்கொள்வதே சரி. எல்டி வகைக்கு மாறுகிறவர்கள் 35 பிஎஸ்ஐயையே அடித்துவிடக்கூடாது. அந்த உடல் அதே சுமையைத் தாங்க அதிகக் காற்று கேட்கும். இந்த அளவில் பல எல்டி டயர்களின் முழுத் தாங்குதிறன் 80 பிஎஸ்ஐயில்தான் கிடைக்கும். சுமை அட்டவணையைப் பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டும். புது நான்கைப் போடும்போது ஸ்டெப்னியையும் பாருங்கள். சுற்றளவு வேறுபட்ட ஸ்டெப்னியை ஓர் அச்சில் மாட்டி 4 எச்-இல் தார் ரோட்டில் ஓட்டினால் இரு அச்சுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் முறுக்கு ஏறி, லிவர் 2 எச்-க்குத் திரும்பவே அடம் பிடிக்கும்.